நேர்கோட்டில் வந்த விமானம்

விமானம் ஏறிய ஆள் காணாமல் போவதில்லை. தாமதமாகலாம். பெட்டி வேறு ஊருக்குப் போகலாம். ஆளே காணாமல் போக வேண்டுமென்றால் ஏறுவதற்கு முன்பு போக வேண்டும், இல்லையென்றால் இறங்கிய பிறகு.

இதை நான் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரியிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

"கதவைத் தாண்டி வந்த ஒவ்வொரு மூஞ்சியையும் பாத்தேன் சார்," என்றார். "விடிகாலைலேருந்து மத்தியானம் வரைக்கும் அந்தக் கண்ணாடிக் கதவைவிட்டு கண்ணை எடுக்கலை. தூங்கி வழியற கொழந்தைங்க, சக்கர நாற்காலியில பெரியவங்க, எல்லாரும் வந்தாங்க. என் தம்பி மட்டும் வரலை."

என் துப்பறியும் அலுவலகம் ஒரு சாவிக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே சாவி அராவும் சத்தம் நாள் முழுவதும் கேட்கும். எனக்கு அது பிடிக்கும். வேறு சத்தம் இல்லாதபோது ஏதோ ஒன்று.

"போன்?" என்று கேட்டார் விசில்.

விசில் என் உதவியாளர். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். வேலையை விட்டார், விசிலை விடவில்லை, இன்னும் கழுத்தில் தொங்குகிறது. என்னைவிட இருபது வயது மூத்தவர். கோபம் வந்தால் என்னை சார் என்பார். இரக்கம் வந்தால் தம்பி என்பார். சார்தான் எனக்கு வசதி.

"ஆஃப். ஃப்ளைட்ல இருக்கான், அதான்னு நெனச்சேன். இப்பவும் ஆஃப்தான்."

"ஏர்லைன்ஸ்ல கேட்டீங்களா?"

"எந்த ஃப்ளைட்டுன்னே எனக்குத் தெரியலை. தெரிஞ்சாலும் பயணி விவரம் சொல்லமாட்டாங்களாம். போலீஸ்ல, வளர்ந்த ஆளும்மா, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கன்னாங்க." அவர் கைப்பையின் வாரை இறுக்கினார். "அப்பாகிட்ட ஒரு நாள் இல்லை சார். சொல்ல வேண்டியவங்களுக்கு எல்லாம் சொல்லிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணைத் தொறக்கறப்ப எல்லாம் அப்பா ஒண்ணுதான் கேக்கறாரு, எறங்கிட்டானான்னு."

தம்பி எந்த ஊரிலிருந்து வர வேண்டும் என்று கேட்டேன். சொன்னார்.

என் போனில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று இந்த ஊர் நேரம். இன்னொன்று அவர் சொன்ன ஊரின் நேரம். முன்பு அங்கே வேலை பார்த்தேன். அதைப் போனிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன் என்று கேட்பவர்களிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன். யாரும் கேட்பதில்லை.

"கடைசியா என்ன பேசினார்?"

"நேத்து போன் பண்ணினான். ஏறப்போறேன், பன்னெண்டு மணி பத்து நிமிஷம், நேரா வந்து எறங்கிடுவேன். நீ ஏர்போர்ட் பக்கம் வராதே, நான் டாக்சி புடிச்சு ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன்னான். எனக்கு மனசு கேக்கலை. போய் நின்னேன்."

"பன்னெண்டு மணி பத்து நிமிஷம்னு அவரே சொன்னாரா?"

"எப்பவும் சொல்றதுதான் சார். அங்க போன நாள்லேருந்து, போன்ல பேசறப்ப எல்லாம் அப்பா கேப்பாரு, எவ்வளவு நேரம்டா ஆகும் நீ வர்றதுக்குன்னு. பன்னெண்டு மணி பத்து நிமிஷம்ப்பா, கூப்பிட்டா ஓடி வந்துடுவேன்பான். அதைக் கேட்டாத்தான் அப்பாவுக்குத் தூக்கம் வரும்."

"இன்னைக்கு விமான நிலைய போர்டுல அந்த ஊர் பேர் வந்துச்சா?"

யோசித்தார். "வரலை. லேட்டா இருக்கும்னு நெனச்சேன்."

விசில் பக்கம் திரும்பினேன். "ரெண்டு விமான நிலையத்துக்கும் நடுவுல எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு தேடிப் பாருங்க."

விசில் ஒற்றை விரலால் தட்டினார், ஒவ்வொரு எழுத்தையும் டிக்கெட் கிழிப்பதுபோல. "வந்துடுச்சு. தூரம் என்னமோ பெரிய நம்பர். பறக்கும் நேரம் பன்னெண்டு மணி பத்து நிமிஷம். பாத்தீங்களா, பையன் சரியாத்தான் சொல்லியிருக்கான்."

"கீழ போங்க. சின்ன எழுத்துல ஏதாவது இருக்கும்."

விசில் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "நேர்கோட்டுத் தூரத்தை வைத்துப் போடப்பட்ட கணக்கு. இந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே நேரடி விமானம் இல்லாமலும் இருக்கலாம்." நிமிர்ந்தார். "அதாவது, மேப்புல ஸ்கேல் வெச்சு ஒரு கோடு இழுத்துட்டு, வேகத்தால வகுத்திருக்கான்?"

"ஆமா."

"என் ரூட்ல இப்படிக் கணக்கு போட்டிருந்தா பஸ்ஸு நேரா ஏரிக்குள்ளதான் எறங்கியிருக்கும்."

"நேரடி விமானம் கிடையாது," என்றேன். "நடுவுல ஒரு ஊர்ல எறங்கணும். காத்திருக்கணும். வேற விமானம் ஏறணும். எப்படி வந்தாலும் ஒரு நாளுக்கு மேல ஆகும். ஒரே ஒரு தடவை அந்த வழியில வந்தவங்க வாயில பன்னெண்டு மணி பத்து நிமிஷம் வராது."

நான் திரையைப் பார்க்கவில்லை. அந்த இணையப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

"சாருக்கு எப்படி இவ்வளவு தெரியும்?" என்றார் கண்ணாடிக் கடைக்காரி.

"அவருக்குத் தெரியும்மா. விடுங்க," என்றார் விசில், சட்டென்று.

"அப்ப அவன் அங்கேருந்து கெளம்பவே இல்லையா?"

"தம்பி படம் ஏதாவது இருக்கா? சமீபத்துல எடுத்தது."

இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது திரையைப் படம் பிடித்து வைத்திருந்தார். மெலிந்த முகம். தலையை மூடிய கனமான கோட்டு. பின்னால் வெள்ளைச் சுவர், ஜன்னல் இல்லை. சுவரின் ஓரத்தில் தடித்த கதவு ஒன்று, அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குமிழ். அவர் வாயிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது.

"சிகரெட்டா?" என்றார் விசில்.

"ஐயோ, அவன் தொடமாட்டான். அது மூச்சு. அங்க அவ்வளவு குளிரு. ஞாயித்துக்கெழமையானா பாவம், நடுங்கிக்கிட்டே பேசுவான்."

"அந்த ஊர்ல இப்ப கோடை," என்றேன். "மத்தியானம் தார் ரோடு இளகும்."

விசில் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார்.

"பேசறப்ப வேற ஏதாவது வித்தியாசமா நடந்ததா? எவ்வளவு சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

"ஒண்ணுமில்லை சார். போன மாசம் ஒருநாள் பேசிக்கிட்டிருக்கறப்ப கடையில கரண்ட் போயிடுச்சு. அதே நேரம் அவன் மொகமும் இருட்டாயிடுச்சு. சிக்னல்தான் போயிடுச்சுன்னு நெனச்சேன்."

"குரல்?"

"குரல் கேட்டுச்சே. இரு அக்கா, ஒண்ணும் தெரியலைன்னான். கொஞ்ச நேரத்துல வெளிச்சம் வந்துடுச்சு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"கடல் தாண்டி இருக்கற ஊருக்கும் உங்க கடைக்கும் ஒரே வயர்ல கரண்ட் வராதும்மா," என்றார் விசில். குரலில் கேலி இல்லை.

"உங்க தம்பி இந்த ஊர்லதான் இருக்கார்," என்றேன். "உங்க கடைக்கு வர்ற அதே லைன்ல. பெரிய குளிர் அறையில வேலை. அந்தக் குமிழ், உள்ள மாட்டிக்கிட்டா தள்ளித் திறக்கறதுக்கு. இந்தப் பக்கம் கோல்டு ஸ்டோரேஜ் எங்க இருக்கு?"

"பழ மண்டிக்குப் பின்னாடி. ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் விசில்.

கண்ணாடிக் கடைக்காரி அழவில்லை. "இத்தனை வருஷமா அவனுக்குக் குளிருமேன்னு கவலைப்பட்டேன்," என்றார்.

"குளிரத்தான் செஞ்சிருக்கு," என்றார் விசில்.

கண்ணாடிக் கடைக்காரியை அவர் அப்பாவிடம் போகச் சொன்னேன். வாசல்வரை போனவர் திரும்பினார். "உங்க கண்ணாடி ஒரு பக்கம் எறங்கியிருக்கு சார். ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கும்போல. யாரும் சொல்லலையா?"

இல்லை என்றேன்.

*

பழ மண்டியின் பின்புறம் வெயில் கொளுத்தியது. கிடங்கின் வாசலில் ஆணி வரிசையாக அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கனத்த கோட்டை மாட்டியிருந்தார்கள். ஒரு ஆணி காலி. அதன் கீழே காவலாளி முண்டா பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

விசில் படத்தை நீட்டினார்.

"யாரு, ஃபாரினா?" என்றார் காவலாளி. "இன்னைக்கு லீவு."

"ஃபாரினா?"

"நாங்க வெச்ச பேரு. ஞாயித்துக்கெழமை வந்தா எல்லாரும் நெழல்ல நின்னு வீட்டுக்குப் பேசுவோம். இவன் மட்டும் போனை எடுத்துக்கிட்டு ஐஸுக்குள்ள போயிடுவான். அங்க நின்னு, இங்க ஒரே பனின்னு சொல்லுவான். பொய்யும் இல்லை பாருங்க."

"வெளிநாடு போனானா, இல்லையா?"

"எங்கே போனான்? அப்பா, அக்கா எல்லாரும் ஏர்போர்ட் வாசல்ல கையாட்டி அனுப்பிட்டுப் போயிட்டாங்க. வாசல்ல வந்து டிக்கெட்டும் விசாவும் தர்றேன்னு சொன்ன ஏஜென்ட் வரவே இல்லை. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்திருக்கான். தெரு முழுக்கச் சொல்லிட்டாராம் அப்பா. எந்த மூஞ்சியோட திரும்பிப் போறதுன்னு நேரா இங்க வேலை கேட்டு வந்துட்டான்."

"நேத்து எப்படி இருந்தான்?"

காவலாளி விசிறியை நிறுத்தினார். "அப்பாவுக்கு முடியலைன்னு லீவு கேட்டான். என் பெரிய பெட்டியையும் கேட்டான். காலிப் பெட்டி எதுக்குடான்னேன். காலியா இருந்தா சந்தேகம் வரும்னு கோட்டை மடிச்சு உள்ள வெச்சான், பத்தலைன்னு ரெண்டு சாக்கையும் போட்டு அடைச்சான். இன்னைக்கு இருட்டு பிரியறதுக்கு முன்னாடியே போயிட்டான்."

வெளியே வந்ததும் விசில் சொன்னார்: "கம்பி நீட்டிட்டான் சார். பெட்டி, லீவு, போன் ஆஃப். அப்பனைப் பாக்கப் பயந்துக்கிட்டு வேற ஊருக்கு வண்டி ஏறியிருப்பான்."

"இங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ல எவ்வளவு நேரம்?"

"இருவது நிமிஷம். பாலம் தாண்டி அடுத்த ஸ்டாப்பு."

இருபது நிமிடத்தில் போய்விடக்கூடியவன் கனமான பெட்டியோடு விடியும் முன் கிளம்பியிருக்கிறான். ஓடுகிறவன் காலிப் பெட்டியில் சாக்கைத் திணிக்க மாட்டான். தூக்கிக்கொண்டு ஓடவா?

"அவன் வேற ஊருக்குப் போகலை," என்றேன். "வேற ஊர்லேருந்து வர்றதுக்குப் போயிருக்கான்."

"கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க சார்."

"ஏர்போர்ட்லேருந்து ஆஸ்பத்திரிக்கு டாக்சியில வந்து எறங்கணும். அதான் அவன் திட்டம். டிரைவர் சாட்சி, பெட்டி சாட்சி. அக்காவை வராதேன்னு சொன்னது அதுக்குத்தான்."

"ஆனா அக்கா போயிட்டாங்களே. விடிகாலைலேருந்து அங்கதானே நின்னாங்க. இவன் போயிருந்தா பாத்திருக்கணுமே."

"மாட்டாங்க. அவங்க கதவையே பாத்துக்கிட்டிருந்தாங்க."

விசில் நடுரோட்டில் நின்றுவிட்டார். பிறகு கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதினார். போய்க்கொண்டிருந்த டாக்சி நின்றது. கூடவே இரண்டு பஸ்ஸும் நின்றன.

*

விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் எனக்கு வேலை இருந்ததில்லை, ஒரே ஒரு முறையைத் தவிர. அன்று என்னை அழைக்க யாரும் வரவில்லை. வரக்கூடியவர்கள் எல்லோரும் வேறு இடத்தில் இருந்தார்கள்.

கண்ணாடிக் கதவு திறந்தது, மூடியது. கம்பித் தடுப்பை ஒட்டி நாலைந்து பேர் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரும்பு நாற்காலிகள். கடைசி வரிசையில், பெரிய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அவன் இருந்தான். சட்டை இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. உண்மையாகவே தூரத்திலிருந்து வருகிறவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள்.

விசில் போகப் பார்த்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்றேன்.

"இல்லை. இப்பத்தான் வந்தேன்."

"எந்த விமானத்துல?"

அவன் பெட்டியின் கைப்பிடியை மாற்றிப் பிடித்தான்.

"உங்க அக்கா அனுப்பினாங்க."

அவன் எழுந்து ஓடவில்லை. தோள் மட்டும் இறங்கியது. ரொம்ப நேரமாகத் தூக்கிக்கொண்டிருந்த எதையோ கீழே வைத்ததுபோல.

"அப்பா?" என்றான்.

"இருக்காரு. கேட்டுக்கிட்டிருக்காரு."

"அக்கா வருவான்னு நெனக்கலை சார். அப்பா பக்கத்துல இருப்பான்னு நெனச்சேன்." அவன் கம்பித் தடுப்பைக் காட்டினான். "அந்த எடத்துல நின்னா. கதவு தொறக்கறப்ப எல்லாம் குதிகாலைத் தூக்கிப் பாத்தா. நான் அவ பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். கையை நீட்டினா தொட்டிருக்கலாம். ஆனா நான் அந்தக் கதவு வழியாத்தானே வரணும்? இந்தப் பக்கத்துலேருந்து எப்படி வர்றது?"

"திரும்பிப் பாக்கவே இல்லையா?"

"ஒரு தடவை பாத்தா. தூண் பின்னாடி போயிட்டேன். மத்தியானம் கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போனா. அப்புறம் எனக்கு எங்க போறதுன்னு தெரியலை. வந்த ஃப்ளைட்டும் போயிடுச்சு." சிரிக்க முயன்றான். "அதாவது, நான் நெனச்சு வெச்சிருந்த ஃப்ளைட்டு."

"பன்னெண்டு மணி பத்து நிமிஷம்."

திடுக்கிட்டுப் பார்த்தான்.

"நானும் அந்த வெப்சைட்டைப் பாத்தேன்," என்றேன். "அந்த ஊர்லேருந்துதான். என் மனைவிக்கு முடியலை, உடனே வான்னாங்க. எவ்வளவு நேரம்னு தேடினேன். பன்னெண்டு மணி பத்து நிமிஷம்னு போட்டிருந்துச்சு. அவகிட்டயும் அதையே சொன்னேன். சரி, முழிச்சுக்கிட்டு இருக்கேன்னா."

கதவு திறந்தது. ஒரு குழந்தை கம்பிக்கு அடியில் புகுந்து ஓடி யாருடைய காலையோ கட்டிக்கொண்டது.

"நேரா விமானம் கிடையாது. நடுவுல இருக்கற ஊர்ல எறங்கினேன். இதே மாதிரி இரும்பு நாற்காலி. அடுத்த விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. அங்க உக்காந்திருக்கறப்ப போன் வந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு அவசரமே இல்லை."

அவன் என்னைப் பார்த்தான். நான் கதவைப் பார்த்தேன்.

"நான் எவ்வளவு வேகமா வந்தாலும் முடியாத தூரம் அது. உங்களுக்கு அப்படி இல்லை. எந்திரிங்க."

பெட்டியை நான் தூக்கினேன். கனமாகத்தான் இருந்தது.

*

மருத்துவமனை வராந்தாவில் கண்ணாடிக் கடைக்காரி தம்பியைப் பார்த்தார். அடிக்கக் கை ஓங்கினார் என்றுதான் நினைத்தேன். கை பெட்டியின் மேல் இறங்கியது.

"என்னடா இவ்வளவு கனம்?"

"கோட்டுக்கா. அப்புறம் சாக்கு."

"சாக்கா?"

"வெங்காய சாக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் போய் அழுகை வந்தது. "உன் பின்னாடிதான் நின்னேன்கா," என்றான் அவன். அவர் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தார், தன் முகத்தைத் துடைக்காமல்.

"போ. முழிச்சிருக்காரு. என்ன சொல்லணுமோ சொல்லிக்க. உனக்குத்தான் நல்லா வருமே."

கதவு திறந்தே இருந்தது. நானும் விசிலும் வெளியே நின்றோம். கட்டிலில் இருந்தவர் அவ்வளவு சிறியவராக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகன் குனிந்து அவர் கையைப் பிடித்தான். அவர் கண்ணைத் திறந்து நெடுநேரம் பார்த்தார்.

"கை ஏன்டா இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

"பழக்கம்ப்பா."

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேன்ப்பா."

மூச்சு வாங்கினார். எப்போதும் கேட்பதைக் கேட்டார். "எவ்வளவு நேரம்டா ஆச்சு, வர்றதுக்கு?"

அவன் வாயைத் திறந்தான். பழகிப்போன கணக்கு நாக்கு நுனியில் நின்றது தெரிந்தது. அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"நான் இருக்கற எடத்துலேருந்து இருவது நிமிஷம்ப்பா," என்றான். "பாலத்துக்கு அந்தப் பக்கம். பழ மண்டிக்குப் பின்னாடி. அங்கதான் எப்பவும் இருந்தேன்."

விசில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருவது நிமிஷமா," என்றார் பெரியவர். அதை மனதுக்குள் நடந்து பார்ப்பதுபோல் இருந்தார். பிறகு மகனின் கையை இழுத்துத் தன் மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாளைக்கும் வருவியா?"

"வர்றேன்ப்பா."

நான் வராந்தாவின் மறுகோடிக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடிக் கடைக்காரி வந்தார். கேட்காமலே என் முகத்திலிருந்து கண்ணாடியை எடுத்தார். காதில் மாட்டும் கம்பியை விரலால் அழுத்தி வளைத்தார், கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், மறுபடி வளைத்தார். அவரே மாட்டிவிட்டார்.

"இப்ப சரியா இருக்கா?"

நன்றாகத் தெரிந்தது. எதிர்ச் சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. கடைசி அறைவரை எல்லாக் கதவுகளும் தெரிந்தன. சரியாக இருக்கிறது என்றேன்.

வாசலில் விசில் பஸ்ஸுக்கு நின்றார். "வீடு பக்கம்தானே, தம்பி?" என்றார்.

"பக்கம்தான்."

"நேரா போங்க. எங்கயும் நிக்காம."

சரி என்றேன். அவர் பஸ் கிளம்பும்வரை நின்றேன். பிறகு சுற்று வழியில் நடக்க ஆரம்பித்தேன்.